வகையறிந்து கொடுப்போம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு முற்பகல். சென்னையிலிருந்து வந்த கோரமண்டல் விரைவு வண்டி ஷாலிமார் நிலையத்தில் நின்றது. முதன்முறையாக வங்க மண்ணில் கால் வைத்த ஒரு தங்கை, பெட்டியும் மூட்டையுமாக இறங்கினாள். "நிலையத்துக்கு நம் மன்றத்து அண்ணனோ அக்காவோ கட்டாயம் வருவார்கள்" என்று நாம் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அவள் நின்றாள். கூட்டம் கலைந்தது. மழை பிடித்துக் கொண்டது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது. இந்தியும் தெரியாது, வங்கமும் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்துத் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் இரங்கித் தம் பேசியைக் கொடுக்க, அவள் ஊரிலுள்ள தந்தையை அழைத்தாள். தந்தை எங்களை அழைத்தார். வித்யாசாகர் பாலத்தைக் கடந்து நான் போய்ச் சேர்ந்தபோது, நனைந்து நின்ற அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்:

"என் பேரு உங்க பட்டியல்லயே இல்லையாக்கா?"

இருந்தது, நண்பர்களே! இருந்த பெயரை அழித்தவள் நான்.

கையால் அழிக்கவில்லை. நான் எழுதிய நிரல் அழித்தது. புதிதாக வரும் மாணவர்களை வரவேற்க நம் மன்றத்திற்கென்று ஓர் இணையப் பக்கம் அமைத்தோம் அல்லவா? அதன் முகப்பு வேலை என் பொறுப்பில் இருந்தது. அந்த வேலையில் நான் செய்த ஒரு சிறு சோம்பலே அத்தங்கையை மழையில் நிறுத்தியது. அந்தச் சோம்பலைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பழியைப் பொதுவில் ஒப்புக்கொள்வது ஒரு நோக்கம். நம் வளாகத்தில் இன்று கணிப்பொறியைத் தொடாத துறை இல்லை. புள்ளியியல் பயிலும் நானும் எழுதுகிறேன், விலங்கியல் பயிலும் நண்பரும் எழுதுகிறார். ஆகவே என் பிழை நாளை உங்கள் பிழையாக வேண்டா என்பது மற்றொரு நோக்கம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ரியாக்ட் என்னும் கருவியை அறிவீர்கள். 2013-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். ஒரு பக்கத்தை ஒரே கட்டடமாக எழுதாமல், சிறுசிறு உறுப்புகளாக எழுதி, ஒரே உறுப்பைப் பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது அதன் முறை. ஒவ்வொரு பக்கமும் தனக்கென ஒரு 'நிலை'யை வைத்திருக்கும். 2019 பிப்ரவரியில் வந்த 16.8-ஆம் பதிப்பு முதல், 'யூஸ்ஸ்டேட்' என்று கேட்டால் ரியாக்ட் நம் கையில் இரண்டு பொருள்களைக் கொடுக்கும். ஒன்று, இப்போதைய நிலை. மற்றொன்று, அந்நிலையை மாற்றும் சார்பு. அதனை 'நிலைமாற்றி' என்று இக்கட்டுரையில் அழைப்போம். பெற்றோர் உறுப்பு நிலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நிலைமாற்றியைப் பிள்ளை உறுப்பின் கையில் கொடுக்கும். வீட்டுச் சாவியைப் பிள்ளையிடம் கொடுப்பது போன்றது அது.

நான் 'நிலையப் பட்டியல்' என்று ஓர் உறுப்பு எழுதினேன். ஹவுரா, ஷாலிமார், சியால்தா என்று பட்டியல் விரியும். ஒன்றைத் தொட்டால், அந்தப் பெயரை நிலைமாற்றியிடம் கொடுத்துவிடும். முதற்பக்கத்தில் அது செவ்வனே வேலை செய்தது. ஏனெனில் அங்கே நிலை என்பது ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. மகிழ்ந்து போய், அதே உறுப்பை மாணவர் பதிவுப் பக்கத்திலும் பொருத்தினேன். அங்கே நிலை என்பது ஒரு முழுப் பதிவு: மாணவர் பெயர், வண்டி, நாள், இறங்கும் நிலையம், அழைத்துவர ஒப்புக்கொண்டவர் பெயர், இவ்வளவும் சேர்ந்த ஒரு கட்டு. அந்தக் கட்டின் நிலைமாற்றியையே எடுத்து நிலையப் பட்டியலின் கையில் கொடுத்துவிட்டேன்.

பயணத்துக்கு முதல் நாள் அத்தங்கை தன் பதிவைத் திறந்து, 'ஹவுரா' என்றிருந்ததை 'ஷாலிமார்' என்று மாற்றினாள். பட்டியல் தன் வழக்கப்படி 'ஷாலிமார்' என்ற ஒரு சொல்லை நிலைமாற்றியிடம் கொடுத்தது. நிலைமாற்றியும் தன் வழக்கப்படி, இருந்ததை எடுத்துவிட்டு, வந்ததை வைத்தது. அவள் பெயர் போயிற்று, நாள் போயிற்று, அழைத்துவர இருந்தவரின் பெயரும் போயிற்று. எஞ்சியது 'ஷாலிமார்' என்ற ஒற்றைச் சொல். நாள் இல்லாத பதிவை மறுநாள் பட்டியலில் யார் காட்டுவார்? ஒருவரும் போகவில்லை.

இதனைத் தடுக்க வழி இல்லையா? இருந்தது. நாங்கள் எழுதியது டைப்ஸ்கிரிப்ட் மொழியில். 2012-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட மொழி அது. அதன் முதன்மைச் சிற்பி ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். ஜாவாஸ்கிரிப்டின் மேல் 'வகை' என்னும் ஒழுங்கை ஏற்றி வைப்பதே அம்மொழி பிறந்த காரணம். இந்தச் சார்பு எதை ஏற்கும், எதைத் திருப்பித் தரும் என்று நாம் எழுதி வைத்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் படித்துப் பார்த்து, "இது பொருந்தாது" என்று எச்சரிக்கும். என் உறுப்பிலும் நிலைமாற்றியின் வகை என்ன என்று கம்பைலர் கேட்டது. விடை யோசிக்க நேரம் இல்லை என்று எண்ணி, நான் 'எனி' என்று எழுதினேன். 'எதுவாயினும் சரி' என்பது அதன் பொருள். எதுவாயினும் சரி என்று எழுதிக் கொடுத்தவளிடம் கம்பைலர் எதைக் கேட்கும்? அது வாய்மூடிக் கொண்டது.

தமிழ் கற்ற நமக்கு இது புதிய பாடம் அன்று. "கண்ணன் வந்தது" என்று ஒரு சிறுவன் எழுதினால் ஆசிரியர் என்ன சொல்கிறார்? உயர்திணை எழுவாய்க்கு அஃறிணை வினை பொருந்தாது, திணைவழு என்கிறார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகையிலும் வரும் வழுக்களை எண்ணி வைத்திருக்கிறது நன்னூல். அவ்விலக்கணத்தின் உயிர் எங்கே இருக்கிறது? ஒரு சொல் இன்னொரு சொல்லோடு பொருந்தும் இடத்தில் இருக்கிறது. கம்பைலர் செய்வதும் அதே காவல்தான். சார்பு ஏற்பதும் நாம் கொடுப்பதும் பொருந்துகின்றனவா என்று அது பார்க்கிறது. நம் இலக்கணத்தார் வழுவமைதிக்கும் இடம் கொடுத்தனர். பசுவை அன்பு மிகுதியால் அம்மை என்று சொல்லி உயர்திணை வினை கொடுப்பதை அவர்கள் ஏற்றனர். ஆனால் அதற்கொரு காரணம் வேண்டும் என்றனர். டைப்ஸ்கிரிப்டிலும் காரணம் தெரிந்து, "இதன் வகை இதுவே, நான் பொறுப்பு" என்று சொல்லும் வழி உண்டு. அது வழுவமைதி. 'எனி' என்பதோ, திணையே வேண்டா, பாலே வேண்டா என்று இலக்கண நூலைக் கிழித்தெறிவது. இரண்டும் ஒன்றாகா.

சரி, எதை எழுதியிருக்க வேண்டும்? மறுவாரம் திருத்த உட்கார்ந்தபோது, ரியாக்டின் வகை நூலில் நிலைமாற்றிக்கு உள்ள பெயரைத் தேடிப் பிடித்தேன். 'டிஸ்பாட்ச்' என்பது வெளிக்கூடு: ஒன்றை ஏற்கும், எதையும் திருப்பித் தராது. அதனுள்ளே 'செட்ஸ்டேட்ஆக்‌ஷன்'. இதன் பொருள் நுட்பமானது. நிலைமாற்றிக்கு இரண்டில் ஒன்றைக் கொடுக்கலாம். புதிய நிலையையே கொடுக்கலாம். அல்லது, பழைய நிலையை வாங்கிப் புதிய நிலையைத் தரும் ஒரு சார்பைக் கொடுக்கலாம். அதனுள்ளே நம் நிலையின் வகை: இங்கே சரம், அதாவது எழுத்துத் தொடர். இந்த நீண்ட பெயரை என் உறுப்பில் எழுதினேன். எழுதிய கணமே பதிவுப் பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. முழுப் பதிவின் நிலைமாற்றி, ஒற்றைச் சரத்தை ஏற்கும் இடத்தில் பொருந்தாது என்றது கம்பைலர். அந்தச் சிவப்புக் கோடு ஒரு வாரம் முன்னால் விழுந்திருக்குமானால்! ஒரு வரி எழுதச் சோம்பினேன். மூன்று மணி நேரம் ஒருத்தி நனைந்தாள்.

ஆனால் பாடம் அத்தோடு முடியவில்லை. வேறொரு நண்பர் தம் பக்கத்தில் நிலையத்தின் வகையைச் 'சரம்' என்று விடாமல், ஹவுரா அல்லது ஷாலிமார், இவ்விரண்டே என்று குறுக்கி வைத்திருந்தார். நல்ல வழக்கம். ஆனால் அவருடைய நிலைமாற்றியை என் உறுப்பு ஏற்கவில்லை! "இரண்டு பெயர்களும் சரங்கள்தாமே? ஏன் மறுக்கிறது?" என்று அவர் சினந்தார். நானும் ஒரு மாலை முழுதும் குழம்பினேன். விடை எங்கள் மெஸ்ஸில் கிடைத்தது.

கரியாஹாட் சந்தையிலிருந்து வரும் எந்தச் சரக்கையும் சமைக்கும் ஒருவர் வேண்டும் என்று ஒரு வங்க விடுதி கேட்கிறது என்று கொள்வோம். காய்கறி மட்டுமே தொடும் நம் ஐயாவை அனுப்பலாமா? காய்கறியும் சரக்குதானே என்று வாதிட்டுப் பயன் என்ன? முதல் நாளே கூடையில் மீன் வந்து நிற்கும். அதற்கு மறுதலையாக, எதையும் சமைப்பவரைக் காய்கறி மட்டும் வரும் விடுதிக்கு அனுப்பினால் இடையூறு இல்லை. கொடுக்கும் பொருளுக்கு ஒரு முறை, ஏற்கும் கைக்கு அதன் தலைகீழான முறை. விரிவாக ஏற்பவர் குறுக்கமாக ஏற்பவரின் இடத்தில் நிற்கலாம். குறுக்கமாக ஏற்பவர் விரிவாக ஏற்பவரின் இடத்தில் நிற்கலாகாது. இதைக் கண்டிப்பாகச் சோதிக்கும் விதி 2017-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 2.6-ஆம் பதிப்பில் சேர்ந்தது. சார்பை ஒரு பண்பாக எழுதினால் அவ்விதி காக்கும். மெதட் வடிவில் எழுதினால் அக்கண்டிப்பு தளரும் என்பதையும் நினைவில் வைக்க.

என் உறுப்பு "எந்தச் சரத்தையும் கொடுப்பேன்" என்று சொல்லியிருந்தது. நண்பருடைய நிலைமாற்றி இரண்டே சரங்களை ஏற்கும். மறுத்த கம்பைலரே சரி. தீர்வு, 'சரம்' என்று முடிந்த முடிபாக எழுதாமல், வகையையே ஒரு மாறியாக விடுவது. "என்னிடம் எந்தப் பெயர்களின் பட்டியல் தரப்படுகிறதோ, அவற்றுள் ஒன்றையே நிலைமாற்றியிடம் கொடுப்பேன்" என்று உறுப்பு உறுதி சொல்ல வேண்டும். இதனை ஜெனரிக் என்பர். பலவிடத்தும் பயன்படும் உறுப்புக்கு இதுவே தக்க வடிவம். 'எனி' எதையும் விடும். ஜெனரிக் எவ்விடத்தும் பொருந்தும், ஆனால் பொருந்தியபின் வழுவ விடாது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இதில் என்னோடு மாறுபடுவோர் உண்டு. வகையைச் சரியாக எழுதிவிட்டால் போதுமா? போதாது என்பது என் துணிபு. நிலைமாற்றியை அப்படியே பிள்ளை உறுப்பின் கையில் கொடுப்பதே பெரும்பாலும் வேண்டாத செயல்.

என் பாட்டனார் தென்மாவட்டம் ஒன்றில், ஒற்றைத் தண்டவாள வழியில் நிலைய அதிகாரியாக இருந்தவர். அக்காலத்து டோக்கன் முறையை அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். நீல்ஸ் பந்து டோக்கன் என்று ஒரு பொறி உண்டு. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட வழியில் ஒரு வண்டி நுழைய வேண்டுமானால், அப்பொறியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளிவர வேண்டும். ஒன்று வெளியே இருக்கையில் மற்றொன்று வராது. அடுத்த பகுதியின் பந்து இந்தப் பகுதியின் பொறிக்குள் நுழையாதபடி அமைப்பும் வேறாக இருக்கும். பந்தின் வடிவமே அதன் வகை. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். டிரைவரின் கையில் அந்த ஒரு பகுதிக்குரிய பந்துதான் இருக்கும். பொறி நிலையத்திலேயே இருக்கும். பொறியை யாரும் டிரைவரிடம் தூக்கிக் கொடுப்பதில்லை!

நிலையப் பட்டியலுக்கு வேண்டியது என்ன? "இந்த நிலையம் தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று அறிவிக்கும் உரிமை ஒன்றே. ஒரு பெயரை ஏற்று எதையும் திருப்பாத எளிய சார்பு போதும். பதிவுப் பக்கம் அச்சார்பைத் தானே எழுதி, வந்த பெயரைப் பதிவின் நிலையப் பகுதியில் மட்டும் வைத்து, மற்றவற்றைக் காக்கும். முதற்பக்கம் தன் நிலைமாற்றியையே அந்த இடத்தில் கொடுத்தாலும் பொருந்தும். ஏனெனில் அது சரத்தையும் ஏற்கும், சார்பையும் ஏற்கும். விரிவாக ஏற்பவர் குறுக்கமான இடத்தில் நிற்கலாம் என்று முன்பே கண்டோம். உறுப்பும் யூஸ்ஸ்டேட்டுக்கு அடிமைப்படாது. நாளை நிலையை வேறு கருவியில் வைத்தாலும் அதனைத் திருத்த வேண்டுவதில்லை. ஒரு பகுதி தன் உள்முடிவுகளை மறைத்து வைத்தால்தான் மற்றொன்றைக் கெடுக்காமல் மாற முடியும் என்று டேவிட் பார்னாஸ் 1972-இலேயே எழுதினார். அவ்வறிவுரை இன்னும் பழமையடையவில்லை.

முழு நிலைமாற்றியையும் கொடுக்க வேண்டிய இடமே இல்லையா? உண்டு. புதிய நிலை பழைய நிலையைச் சார்ந்திருக்கும் இடம் அது. மெஸ் கணக்கில் இரண்டு விருந்தினரை ஒரே சொடுக்கில் சேர்க்கிறோம். "இப்போது இரண்டு பேர், எனவே மூன்று என வை" என்று இருமுறை சொன்னால் விடை மூன்றே. "இருந்ததோடு ஒன்று கூட்டு" என்று இருமுறை சொன்னால் நான்கு. இரண்டாம் முறைக்குத்தான் பழைய நிலையை வாங்கும் சார்பு வேண்டும். அத்தகைய இடத்தில் டிஸ்பாட்ச், செட்ஸ்டேட்ஆக்‌ஷன் என்ற முழுப் பெயரையும் கூச்சமின்றி எழுதுக. அங்கும் 'கூட்டு', 'நீக்கு' என்ற இரு சிறு சார்புகளைக் கொடுப்பது இன்னும் நன்று.

மன்றத்து அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாம என்ன பேங்க்கா நடத்துறோம் தங்கச்சி? நாப்பது பேர் பாக்குற பக்கம். இதுக்கு இவ்வளவு இலக்கணமா?" என்றார். அவர் அன்பு மிக்கவர். சொன்னதிலும் சிறிது உண்மை உண்டு. ஒருவரே எழுதி ஒரு மாலையில் தூக்கியெறியும் நிரலுக்கு இவ்வளவும் வேண்டா. ஆனால் நம் பக்கம் அத்தகையதா? இவ்வாண்டு நான் எழுதுகிறேன். அடுத்த ஆண்டு பட்டம் பெற்றுப் போய்விடுவேன். என் உறுப்பை எடுத்துப் பயன்படுத்தப் போகிறவர் என்னை அறியார். என் மனத்தில் இருந்ததையும் அறியார். அவருக்கு நான் விட்டுச் செல்லும் ஒரே உரையாடல், நான் எழுதிய வகை. மாணவர் மன்றத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால், பெரிய நிறுவனத்தைக் காட்டிலும் நமக்கே அது மிகுதியும் வேண்டும்.

பெரியோரும் இங்கே இடறியிருக்கிறார்கள். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது அழிந்தது. ஒரு குழுவின் நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவையில் கொடுத்தது. வாங்கிய நிரல் நியூட்டன் அளவை என்று எண்ணிக்கொண்டது. எண் சரி, வகை வேறு. கொடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும் இடையே கேட்பார் இல்லை. அங்கே அழிந்தது ஒரு விண்கலம். இங்கே அழிந்தது ஒரு பெயர். நம் மன்றத்துக்கு அந்தப் பெயர் சிறிதா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வகை எல்லாவற்றையும் காக்காது. டைப்ஸ்கிரிப்டின் வகைகள், நிரல் ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போதே நீங்கிவிடுகின்றன. ஓடும் நேரத்தில் அவை காவல் நிற்பதில்லை. வெளியிலிருந்து வரும் பதிவு முழுமையானதா என்பதைச் சர்வரில் வேறு சோதனை வைத்தே பார்க்க வேண்டும். எங்கள் சர்வர் அன்று எதைக் கொடுத்தாலும் சேமித்தது. அதுவும் என் குறையே. இன்று நாளும் பெயரும் இல்லாத பதிவை அது திருப்பி அனுப்புகிறது. நிலையத்தை மாற்றிப் பார்க்கும் ஒரு சோதனையும் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு 'ஷாலிமார்' என்றே பெயர்.

இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் எண்முறைக் கணிப்பொறி என்று சொல்லப்படும் எச்.இ.சி.-2எம் 1950-களின் நடுவில் வந்திறங்கியது இந்நகரில்தான், இந்தியப் புள்ளியியல் கழகத்தில். அதன் நினைவகம் மிகச் சிறிது. ஒவ்வோர் எண்ணும் எங்கே வைக்கப்படுகிறது என்று மனிதரே எண்ணிப் பார்த்து எழுதினர். இன்று நமக்காக எண்ணிப் பார்க்கக் கம்பைலர் இருக்கிறது. அது கேட்கும்போது வாயை மூடு என்பது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே தோழர்களே, மூன்றே வேண்டுகோள். பிறர் கையில் கொடுக்கும் சார்புக்கு 'எனி' என்று எழுதாதீர். முழுச் சாவி வேண்டாத இடத்தில் முழுச் சாவியைக் கொடுக்காதீர். சிவப்புக் கோட்டைக் கண்டால் அதனை அடக்க வழி தேடுமுன், அது என்ன சொல்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.

அத்தங்கை இன்று நம் மன்றத்தின் வரவேற்புக் குழுவில் இருக்கிறாள். சென்ற மாதம் என் அருகில் அமர்ந்து நிரலைப் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு வரியைச் சுட்டிக் கேட்டாள்: "இந்த எடத்துல என்ன வகைன்னு எழுதலையேக்கா?"

எழுதினேன்.